மீதி பின்பக்கம்

ஆடிட்டர் ஹேமாவதி முதலில் கேட்டது
பழைய முறையா, புதிய முறையா.
புதியதில் தலைவலி இல்லை,
ஆனால் உங்க அப்பாவுக்கு அதில் இடம் இல்லை என்றார்.
புரசைவாக்கத்தில் ஒரு மாடியறை.
ஃபேன் காற்றுக்குப் பறக்காமல்
ரசீதுகள் மேல் ஒரு ஸ்டேப்ளர்.

பழையதே இருக்கட்டும் மேடம்.

மாடம்பாக்கம் முதியோர் இல்லம்,
மாதம் முப்பத்தெட்டாயிரம்.
பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாகத் தட்டினார்.
மருந்து வரும். பிசியோதெரபி வரும்.
அறை வாடகை வராது. சாப்பாடு வராது.
டயப்பரில் பென்சில் கொஞ்சம் நின்றது.
இது கழிவுதானா என்று தானே சிரித்து
உடனே சாரிம்மா என்றார்.

அஞ்சுகத்துக்கு இரண்டாயிரம், அது யாரு?
சவரம் செய்து, நகம் வெட்டி,
நடுராத்திரி எழுந்து கத்தினால்
பக்கத்தில் வந்து உட்காருகிற பெண்.
கையில்தான் கொடுக்கிறேன்.
ரொக்கம் செல்லாது.

முப்பத்தோரு வருஷம் தோல்பையில்
ரொக்கத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத ஏகாம்பரம்
இதைக் கேட்டிருந்தால்
விசில் ஊதி வண்டியை ஓரம் கட்டியிருப்பார்.

பெரும்பாலும் உங்களைச் சார்ந்தவரா?
பென்ஷன் வருகிறது, பதினோராயிரத்துச் சொச்சம்.
அப்போ பெரும்பாலும், என்று எழுதிக்கொண்டார்.
நான் ஸ்கூலுக்குப் போன நாட்களில்
அவர் வண்டியில் எனக்கும் டிக்கெட் கிழித்து
சட்டைப்பைக் காசை எடுத்துத்
தோல்பையில் போட்ட ஆள்.

நடுவில் ஆவடியிலிருந்து தயாளன் போன்.
மூணில் ஒரு பங்கு நானும் தர்றேனே,
ரசீதில் என் பேரும் வருமா?
ஜூனுக்கு அப்புறம் அவன் தரவில்லை.
பார்க்கிறேன் என்றேன்.

எண்பது சதவீதம் இருந்தால் ஒன்றேகால் லட்சம் கழிக்கலாம்.
அதற்குக் கீழே என்றால் எழுபத்தையாயிரம்.
அந்தச் சான்றிதழுக்காகத்தான் அரசு ஆஸ்பத்திரியில்
நாலு மணி நேரம் சக்கர நாற்காலியோடு நின்றேன்.
இன்னிக்கு என்ன கிழமை பெரியவரே?
தெரியலை.
என்ன வருஷம்?
தெரியலை.
இவங்க யாரு?
என்னை நன்றாகப் பார்த்தார்.
லேடீஸ் சீட்டு காலியா இருக்கு, உட்காரும்மா.

ஒவ்வொரு தப்பையும் உள்ளுக்குள்
கூட்டிக்கொண்டே வந்தேன்.

என்ன வேலை பார்த்தீங்க?
அவ்வளவுதான்.
பெரம்பூர் ஓட்டேரி டவுட்டன் சேத்துப்பட்டு
ஸ்டெர்லிங் ரோடு ஜெமினி லஸ் அடையாறு
பெசன்ட் நகர், எல்லாம் இறங்கு, எல்லாம் இறங்கு.
முதுகு நிமிர்ந்திருந்தது.
டாக்டர் கைதட்டாத குறை.
எழுபத்திரண்டு என்று எழுதினார்.

வெளியே வந்து இளநீர் வாங்கினேன்.
லஸ்ஸை மட்டுமாவது மறந்திருக்கலாமே அப்பா
என்று நினைத்தவள்தான்
ஸ்ட்ராவைத் துடைத்து அவர் உதட்டில் வைத்தாள்.

இந்த நவம்பர் ரசீது ஏன் இப்படி இருக்கு?
கையில் கிடைத்தால் கிழித்துவிடுகிறார் மேடம்.
அந்த ஹாலில் எல்லோரும் டிக்கெட் வாங்கியாயிற்று.
அஞ்சுகம்தான் கட்டில் கட்டிலாய்ப் போய்
துண்டுகளைச் சேர்த்துக் கொடுத்தாள்.
செலோடேப் போட்டு ஒட்டியதை
ஹேமாவதி திருப்பினார்.
பின்பக்கம் நீலப் பால்பாயிண்ட், கோணல் எழுத்து,
சுற்றிலும் ஒரு வட்டம்.
2.50

இது எதுக்கான தொகை?
சில்லறை இல்லையென்றால் அப்படித்தான் எழுதித் தருவார்கள்.
இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரி, யாரு யாருக்குத் தரணும்?

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
பதில் வராததால்
அதை ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னார்,
இரண்டு பக்கமும்.